சும்மா இரு, உலாவியே!

உலாவி என்பது கேட்டதைக் காட்டுவதற்கென்று பிறந்த மென்பொருள். முகவரியைத் தட்டினால் அந்தப் பக்கத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். தட்டாதவரை வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும். என் கைப்பேசியில் இருக்கும் உலாவிக்கு முதல் பாதி மட்டும்தான் தெரியும். மின்கட்டணம் கட்டலாம் என்று புதிய தாவலைத் திறந்தால், தேடல் கட்டத்துக்குக் கீழே ஓர் ஊர்வலமே காத்திருக்கிறது. தங்கம் விலை அதிரடியாகச் சரிந்தது என்கிறது ஓர் அட்டை. கிடுகிடுவென உயர்ந்தது என்கிறது அதற்குக் கீழே உள்ள அட்டை. மூன்றாவது, ரேஷன் அட்டைதாரர்களுக்கு ஒரு ஹேப்பி நியூஸ் என்று கூவிவிட்டு, அது என்ன நியூஸ் என்பதை மட்டும் சொல்ல மறுக்கிறது. வழி கேட்க டீக்கடையில் நின்றவனைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, ஊர்க்கதை முழுவதையும் சொல்லி முடித்த பிறகே தெருப்பெயரைச் சொல்லும் பெரியவர் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். அவரை யாரோ என் போனுக்குள் குடிவைத்துவிட்டார்கள்.

இந்தத் தலைப்புகளின் பிழைப்பே ஒன்றை ஒளித்துவைப்பதில்தான் இருக்கிறது. ‘பிரபல நடிகர் எடுத்த திடீர் முடிவு! ஷாக்கில் ரசிகர்கள்!’ யார் அந்த நடிகர் என்று தட்டினால், முதலில் அவர் பிறந்த ஊர், பிறகு ஒரு விளம்பரம், பிறகு அவருடைய முதல் படம், இன்னொரு விளம்பரம். கடைசிப் பத்தியில்தான் தெரிகிறது, மனிதர் தாடியை எடுத்துவிட்டார். ஷாக் ஆன ரசிகர்களைக் கட்டுரையில் எங்கு தேடியும் காணோம்.

இதை அனுப்புவது ஏதோ ஒரு குறும்புக்காரப் பையன் இல்லை. பெரிய கணக்கு இருக்கிறது. 1998-இல் தொடங்கப்பட்ட கூகுள், வெள்ளைப் பக்கமும் நடுவே ஒரு தேடல் கட்டமுமாகப் பேர்வாங்கியது. அதே நிறுவனத்தின் குரோம் உலாவி, 2016-இல் ஆண்ட்ராய்டு போன்களில் புதிய தாவலுக்குக் கீழே கட்டுரைகளை அடுக்கத் தொடங்கியது. 2018-இல் கூகுளின் செய்தி ஓடைக்கு ‘டிஸ்கவர்’ என்று பெயர் சூட்டினார்கள். 2019-இல் அதில் விளம்பரங்களுக்கும் இடம் ஒதுக்கினார்கள். 2020 ஜூனில் இந்தியா தடைசெய்த 59 செயலிகளில் ஒன்றான யூசி பிரவுசரும் முதல் பக்கத்திலேயே செய்திக்கடை பரப்பியிருந்ததுதான். ஃபயர்ஃபாக்ஸைச் செய்யும் மொசில்லா 2017-இல் ‘பாக்கெட்’ என்ற சேவையையே விலைக்கு வாங்கி, அதன் மூலம் கட்டுரைகளைப் பரிந்துரைத்தது. 2025-இல் பாக்கெட்டை மூடினார்கள். பரிந்துரையை மூடவில்லை.

தகவல் பெருகப் பெருக, தின்பதற்கு அது மனிதர்களின் கவனத்தைத்தான் தேடும் என்று ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1971-இலேயே எச்சரித்தார். பிற்பாடு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. வெள்ளைப் பக்கம் யாருக்கும் காலணா சம்பாதித்துத் தராது. அதனால்தான் அதைக் காலியாக விட யாருக்கும் மனசு வருவதில்லை.

முதலில் நான் மரியாதையாகத்தான் மறுத்துப்பார்த்தேன். ஒவ்வோர் அட்டையின் ஓரத்திலும் மூன்று புள்ளிகள் இருக்கும். அதைத் தொட்டால் ‘இதில் ஆர்வமில்லை’ என்று சொல்லலாம், ‘இந்தத் தளத்தின் செய்திகளைக் காட்டாதே’ என்றும் சொல்லலாம். மேஷத்தில் ஆர்வமில்லை என்றேன், ரிஷபம் வந்தது. ரிஷபத்தையும் அனுப்பிவைத்தேன், மிதுனம் வாசலில் நின்றது. பன்னிரண்டையும் முடித்துவிடலாம் என்று கங்கணம் கட்டிக்கொண்டு இறங்கினால், ராகு கேது பெயர்ச்சி தனிக்கட்சியாக வந்தது.

போதாக்குறைக்கு, அக்கா மகன் ஒருநாள் என் போனை வாங்கி டைனோசர் எப்படி அழிந்தது என்று தேடிவிட்டுப் போனான். நாம் தேடுவதையும் தட்டுவதையும் வைத்துத்தான் இந்த ஓடை நம் ரசனையைக் கணிக்கிறது. எனக்கு உலக அழிவில் தீராத மோகம் என்று அது முடிவுகட்டிவிட்டது. அன்றிலிருந்து பூமியை நோக்கி ஒரு விண்கல் வந்துகொண்டே இருக்கிறது. விமானம் அளவு, மைதானம் அளவு என்று உடம்பு மட்டும் மாறுகிறது. வாரம் தவறாமல் புறப்படும் அந்தக் கல் ஒருமுறைகூட வந்து சேர்ந்ததில்லை. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸே பரவாயில்லை.

இனி பேச்சுவார்த்தை கிடையாது என்று அணைக்கும் இடத்தைத் தேடினேன். பெரும்பாலான உலாவிகளில் அது இருக்கத்தான் செய்கிறது. குரோமில் புதிய தாவலைத் திறந்து, ‘டிஸ்கவர்’ என்ற தலைப்புக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டால் அணைத்துவிடலாம். ஃபயர்ஃபாக்ஸில் அமைப்புகளுக்குள் முகப்புப் பக்கம் என்ற பகுதிக்குப் போய், கதைகளுக்கான பொத்தானைத் தள்ளிவிட வேண்டும். ஆனால் முன்வாசலைச் சாத்தியதோடு வேலை முடிவதில்லை. பல ஆண்ட்ராய்டு போன்களில் முகப்புத் திரையை ஓரமாகத் தள்ளினால் அதே செய்தி ஓடை அங்கேயும் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கூகுள் செயலியின் அமைப்புகளில் தனியாக நிறுத்த வேண்டும். என்றைக்கோ அவசரத்தில் ‘அனுமதி’ என்று தட்டிவைத்த தளங்கள் அறிவிப்பாக வந்து மணியடிக்கும். அவற்றை உலாவியின் தள அமைப்புகளில் போய் ஒவ்வொன்றாக வெளியேற்ற வேண்டும். இருப்பிடம் கேட்கிறார்கள், மைக் கேட்கிறார்கள், ஐந்து நட்சத்திரம் கேட்கிறார்கள். ‘இதை அணைத்துவிடட்டுமா, சார்?’ என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

அணைத்தாயிற்று. புதிய தாவலைத் திறந்தேன். வெள்ளை. கட்டைவிரலுக்குச் சேதி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அது பாட்டுக்கு மேலே தள்ளிப் பார்த்தது. கீழே ஒன்றுமில்லை. மறுபடி தள்ளியது. அப்போதுதான் ஒரு சங்கடம் புரிந்தது. வெள்ளைப் பக்கத்தின் முன்னால் வெறுங்கையோடு நிற்க முடியாது, கையில் ஒரு கேள்வி வேண்டும். எதற்காகத் திறந்தோம் என்பது ஞாபகம் இருந்தால் தட்டலாம், இல்லாவிட்டால் மூடிவிட்டு எழுந்துபோக வேண்டியதுதான். அன்று நான் பலமுறை எழுந்துபோனேன். ஒரு நாளில் நமக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது இவ்வளவு கொஞ்சம்தானா என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

நல்லது செய்து பழகியவன் ஒருத்தரோடு நிறுத்தமாட்டான். அப்பா தூங்கும் நேரம் பார்த்து அவர் போனிலும் எல்லாவற்றையும் அணைத்து, தேவர்களும் பூமாரி பொழிவார்கள் என்ற நினைப்பில் வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்தபோது அப்பா உற்சாகமாக உட்கார்ந்திருந்தார்.

“காலையில இருந்து போன்ல ஒண்ணுமே வரலடா. பஸ் ஸ்டாண்டு செல் கடையில குடுத்தேன். அந்தத் தம்பி ரெண்டே நிமிஷத்துல சரி பண்ணிட்டான். நூறு ரூபாதான் வாங்கினான்.”

“என்னப்பா ரிப்பேராம்?”

“உள்ள ஏதோ செட்டிங் தானா ஆஃப் ஆயிருந்துச்சாம். வைரஸா இருக்கும்னான்.”

வைரஸ் வாயைத் திறக்காமல் நின்றது. அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சரியாகிவிட்ட போனிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டினார்:

“கும்ப ராசிக்காரங்களுக்கு இந்த வாரம் பிள்ளைகளால வீண் செலவாம். எவ்வளவு கரெக்டா போடுறான் பாரு!”