விளக்கணைப்பு உரிமை: மூத்த டிரான்ஸ்ஃபர் மாணவர் தங்குமிடம் தேர்வது குறித்த ஓர் ஆய்வு

முப்பத்தேழு வயதில் ஒருவர், கம்யூனிட்டி காலேஜில் இரண்டாண்டு படித்துவிட்டு, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மூன்றாமாண்டில் சேர்கிறார் என்று கொள்க. அவர் எங்கே தங்குவது என்பதே இவ்வாய்வின் பொருள். இதெல்லாம் ஒரு பொருளா என்று கேட்போர், விடிந்தால் தேர்வு என்ற நிலையில், பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவன் வீடியோ கேம் ஆடும் அறையில் ஓரிரவு படுத்துவிட்டு வந்து பேசலாம்.

இப்படியொரு மாணவர் உருவானதன் மூலகாரணம் 1960-இல் கலிபோர்னியாவின் உயர்கல்விக்கென வந்த மாஸ்டர் பிளான். அப்போதைய பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர் முன்னின்று வகுத்த அத்திட்டம், பல்கலைக்கழகத்தில் மேலிரண்டு ஆண்டு மாணவர் 60, கீழிரண்டு ஆண்டு மாணவர் 40 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்றது. மேலே கூடுதலாக வேண்டிய ஆட்கள் கம்யூனிட்டி காலேஜிலிருந்து வந்து சேர வேண்டியவர்கள். வகுப்பில் நாற்காலிக்கு ஏற்பாடு ஆயிற்று. கட்டில் வேறு துறை. கெர்ரின் பெயரிலேயே இன்று பெர்க்லியில் ஒரு விடுதி வளாகம் இருக்கிறது என்பதைக் கடன் தீர்ந்ததாகக் கொள்வதா, வட்டி மட்டும் கட்டியதாகக் கொள்வதா என்பது வரலாற்றாசிரியர் பாடு.

ஈண்டு மூத்தவர் என்றது யாரை எனின், 25 வயது நிறைந்தவரை என்க. பெர்க்லி அப்படித்தான் வகுத்திருக்கிறது. இவ்வளவுகோலின்படி இக்கட்டுரையை வாசிப்போரில் பெரும்பாலோர் தொல்பொருள் துறையின் கீழ் வருவர்.

தேர்வின் அடிப்படை எது என்பதில் மூன்று கட்சி உண்டு. வாடகையே என்பார் ஒரு சாரார். வகுப்புக்கு நடக்கும் தூரம் என்பார் வேறொரு சாரார். சமையலறை உண்டா என்பதுதான் என்பார் மூன்றாமவர். மூன்றும் பொருந்தா. வாடகை எங்கும் அதிகம். தூரத்தைச் சைக்கிள் தீர்க்கும். பசித்தால் மைக்ரோவேவே போதும். இரவில் விளக்கை அணைக்கும் உரிமை யார் கையில் என்பது ஒன்றே அடிப்படை என்பது எம் துணிபு. வயது ஏற ஏற மனிதன் விட்டுக்கொடுக்காத உடைமை அதுவாகத்தான் இருக்கிறது. இக்கோட்பாட்டைக் கொண்டு ஒவ்வொரு இடமாக உரசிப் பார்ப்போம்.

முதலில் டார்ம் எனப்படும் பல்கலைக்கழக விடுதி. இருவருக்கென்று கட்டிய அறையில் மூவரைப் போடுவது அங்கே சாதாரணம். கட்டிலின் நீளம் 80 அங்குலம். அதைப் பற்றிக் குறையில்லை. சில அறைகளில் அது மேசைக்கு மேலே, தலையைத் தாண்டிய உயரத்தில் இருக்கும்; ஏணி வைத்து ஏற வேண்டும். இரவில் இரண்டு முறை எழுந்திருக்க வேண்டிய வயதில் ஏணியின் ஒவ்வொரு படியும் தத்துவ விசாரம்தான்.

ரூம்மேட்டைப் பொருத்துவதற்கு ஒரு படிவம் உண்டு. எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள், அறையைச் சுத்தமாக வைத்திருப்பீர்களா என்றெல்லாம் கேட்பார்கள். இப்படிவத்தை ஆய்வு ஆதாரமாக ஏற்பதற்கில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை அதை நிரப்பும்போது பின்னால் அம்மா நின்றுகொண்டிருப்பார். பத்து மணிக்குத் தூங்குவேன், துணியை மடித்து வைப்பேன் என்றுதான் எழுத முடியும். மூத்தவரோ உண்மையை எழுதுகிறார். அதனால் கணினி இருவரையும் ஒரே அறையில் சேர்த்துவிடுகிறது.

அஃதேல், விடுதியில் அமைதி நேரம் உண்டே, கண்காணிக்க ஆர்.ஏ. என்னும் விடுதி உதவியாளர் உண்டே எனின், உண்டு. அந்த ஆர்.ஏ.வுக்கு இருபது வயது. அவர் வந்து கதவைத் தட்டி, சற்றுக் கூச்சத்தோடு, "சார், உங்க குறட்டை பக்கத்து ரூம் வரைக்கும் கேக்குதாம்" என்று சொல்லும் வாய்ப்பே அதிகம். அதன்பின், இரவு ஒன்றரைக்கு யாரோ பாப்கார்னைக் கருக்கித் தீ எச்சரிக்கை மணி அலறும்போது, போர்வையோடும் செருப்போடும் எல்லாரும் தெருவில் நிற்பர். அங்கே ஸ்வெட்டர், சாவி, இரத்த அழுத்த மாத்திரை மூன்றையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்திருப்பவர் எவரோ அவரே மூத்த மாணவர்.

சத்தத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். நாம் விளையாட்டாக எடுத்துக்கொண்ட பொருளைக் கலிபோர்னியா நீதிமன்றங்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பெர்க்லியின் பீப்பிள்ஸ் பார்க்கில் சுமார் 1,100 மாணவருக்கு விடுதி கட்டப் பல்கலைக்கழகம் முனைந்தபோது அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டனர். 2023 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், மாணவர் கூத்தடிக்கும் சத்தத்தையும் சுற்றுச்சூழல் பாதிப்பாக ஆராய்ந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆலைப்புகை, சாயக்கழிவு வரிசையில் மாணவரின் சனிக்கிழமை இரவும் சேர்ந்தது. சட்டமன்றம் அவ்வாண்டே விழித்துக்கொண்டு, குடியிருப்புத் திட்டங்களில் குடியிருப்போர் எழுப்பும் ஒலி சுற்றுச்சூழல் பாதிப்பாகாது என்று சட்டம் இயற்றிற்று. 2024-இல் மாநில உச்ச நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆக, ரூம்மேட் எழுப்பும் ஒலி மாசு அன்று என்பது இன்று சட்டம். மூத்த மாணவர் காதில் பஞ்சு வைத்துக்கொள்வதற்குத் தடையேதும் இல்லை.

அடுத்தது மாணவர் கூட்டுறவு இல்லங்கள். 1933-இல் பொருளாதார மந்தத்தின்போது தொடங்கியவை; வாடகை மற்ற இடங்களைவிடக் குறைவு. பதிலுக்கு வாரம் 5 மணி நேரம் போல இல்லத்து வேலை செய்ய வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஐம்பது பேருக்குப் பருப்பு வெந்த அண்டாவின் அடியைச் சுரண்டத் தெரிந்தவர் அங்கே மூத்தவர் ஒருவராகத்தான் இருப்பார். ஒருமுறை நன்றாகத் தேய்த்துக் காட்டிவிட்டால் படிப்பு முடியும்வரை அண்டா அவருடையது. விளக்கைப் பொறுத்தவரை, இல்லக் கூட்டத்தில் விவாதித்து முடிவு செய்வார்கள். கூட்டம் நள்ளிரவு தாண்டும்.

குடும்பத்தோடு வருவோருக்குப் பக்கத்து ஊரான ஆல்பனியில் யுனிவர்சிட்டி வில்லேஜ் உண்டு. அங்கே விளக்கணைப்பு உரிமை குழந்தையிடம் இருக்கிறது. இது இயற்கை நியதி. பல்கலைக்கழகத்தைக் குறை சொல்ல முடியாது.

வளாகத்துக்கு வெளியே தனி அப்பார்ட்மென்ட் எடுத்தால் விளக்கு முழுக்க நம் கையில். ஆனால் படிப்பு ஒன்பது மாதம், ஒப்பந்தம் பன்னிரண்டு மாதம். வருமானம் வாடகையைப் போல் மூன்று மடங்கு இருக்கட்டும் என்பார் வீட்டுக்காரர். இல்லையென்றால் பெற்றோர் கையெழுத்து கேட்பார். அறுபத்தெட்டு வயது அப்பாவிடம் போய், மகன் வாடகை கட்டுவான் என்று உத்தரவாதம் போடச் சொல்ல வேண்டும். அப்பா படிவத்தைப் பார்ப்பார், பிறகு மகனைப் பார்ப்பார். வாடகைக்குக் கணக்குத் தலைப்பு உண்டு; இந்தப் பார்வைக்குக் கிடையாது.

டிரான்ஸ்ஃபர் மாணவருக்கென்றே 2024-இல் பெர்க்லியில் ஆங்கர் ஹவுஸ் திறக்கப்பட்டது. 772 கட்டில், ஒவ்வொருவருக்கும் தனிப் படுக்கையறை. எம் கோட்பாட்டை நிறுவுவதற்கென்றே கட்டியது போலத் தோன்றும். தனிக்கதவும் தனி சுவிட்சும் வேண்டும் என்பதை அதற்குக் கொடை தந்த அறக்கட்டளையும் பல்கலைக்கழகமும் உணர்ந்திருக்கின்றன என்க.

தனியறை கிடைத்தால் போதுமா எனின், இதே பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. வாரன் பஃபெட்டின் கூட்டாளியான சார்லி மங்கர், 20 கோடி டாலர் தருவதாகச் சொல்லி, சுமார் 4,500 மாணவருக்கு ஒரே கட்டடம் என்று தாமே வடிவமைத்தார். எல்லாருக்கும் தனியறை, பெரும்பாலான அறைகளுக்கு ஜன்னல் மட்டும் இல்லை. டிஸ்னி கப்பல்களில் இருப்பது போலச் செயற்கை ஜன்னல் போதும் என்பது அவர் வாதம். 2021-இல் டென்னிஸ் மெக்ஃபேடன் என்ற கட்டடக்கலைஞர் இதைப் பொறுக்காமல் வடிவமைப்புக் குழுவிலிருந்து விலகினார். 2023-இல் திட்டமே கைவிடப்பட்டது. இரவு விளக்கை மட்டுமல்ல, சூரியனையும் சுவிட்சு போட்டு அணைக்கும் உரிமை மாணவருக்குக் கிடைக்கவிருந்தது. உரிமைக்கும் ஓர் அளவு உண்டு என்று எம் கோட்பாட்டைத் திருத்திக்கொள்கிறோம்.

ஓர் இடம் மட்டும் இவ்வாய்வின் எல்லைக்குள் அடங்கவில்லை: மூத்த மாணவரிடம் இருக்கும் பழைய கார். பெர்க்லி வளாகத்தில் நிறுத்துமிடம் கிடைப்பது அரிது. நோபல் பரிசு பெற்ற பேராசிரியர்களுக்கு மட்டும் தனியிடம் ஒதுக்கிப் பலகை நட்டிருக்கிறார்கள். ஆகவே மாணவர் முதலில் பட்டம் வாங்க வேண்டும், பிறகு முனைவராக வேண்டும், பிறகு ஸ்டாக்ஹோம் போய்வர வேண்டும். அதுவரை ஐம்பத்திரண்டாம் எண் பஸ் இருக்கிறது.