கத்திரி வெயிலும் கக்கும் பேனாவும்

கேள்வி: சட்டைப் பையில் தினமும் மை ஒழுகி, நெஞ்சில் புதுப்புது வரைபடம் போடுகிறது. பயந்துபோய் பாதி மைதான் ஊற்றுகிறேன். அப்படியும் நிற்கவில்லையே?
– வங்கி ஊழியர், வேலூர்

பதில்: பாதி ஊற்றுவதால்தான் ஒழுகுகிறது. மையை விடுங்கள், காற்றைப் பிடியுங்கள். சூட்டில் மை பெரிதாக விரியாது; குடுவைக்குள் அடைபட்ட காற்றுதான் விரியும். 27 டிகிரியில் மூடிய பேனா மதியம் 42 டிகிரிக்கு வந்தால் உள்ளே இருக்கும் காற்று 5 சதவீதம் பருக்கும். மையிலுள்ள தண்ணீரும் ஆவியாகி அதோடு கூட்டு சேர, மொத்தம் 10 சதவீதத்தைத் தொட்டுவிடும். 2 மில்லி காற்று இருந்தால் 0.2 மில்லி மை வெளியேறியாக வேண்டும். ஏறக்குறைய நாலு சொட்டு. வெள்ளைச் சட்டைக்கு அது போதாதா?

நிப்புக்கு அடியில் இருக்கும் கறுப்புக் கட்டையைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? சீப்புப் பல் மாதிரி வரிவரியாக வெட்டியிருக்கும். இப்படித் தள்ளப்படும் உபரி மையைப் பிடித்துவைக்கத்தான் அந்த வெட்டு. அதற்கும் ஓர் அளவு உண்டு. நிரம்பினால் மிச்சம் மூடிக்குள், அங்கிருந்து சட்டைக்கு.

எனவே கிளம்பும்போது முழுக்க நிரப்புங்கள், இல்லையேல் முழுக்கக் காலி செய்யுங்கள். மதியத்துக்குள் எழுதிப் பாதியாகிவிடும் என்றால், மேஜை டிராயரில் ஒரு மை பாட்டில் இருக்கட்டும். நிப்பு எப்போதும் மேலே பார்க்க வேண்டும். அப்போது காற்று நிப்பை ஒட்டி நிற்கும். மையைத் தள்ளாமல் தானே நழுவிப் போய்விடும். பையில் செருகிய பேனா சொன்ன பேச்சு கேட்டு நிமிர்ந்துதான் நிற்கிறது. கீழே விழுந்த சில்லறையை எடுக்க நீங்கள் குனிகிறீர்களே, அங்கேதான் அது தலைகீழாகிறது.

கேள்வி: வெயில் காலத்தில் பேனா லீக் அடிக்காமல் இருக்க ஒரே வரியில் வழி சொல்லுங்களேன்.
– அவசரக்காரர், விருதுநகர்

பதில்: பென்சில்.

கேள்வி: வெயிலுக்குத் தப்பி ஊட்டிக்குப் போனோம். குளுகுளு ஊரிலும் பேனா கக்கியது. இப்போது உங்கள் சூட்டுக் கதை என்ன ஆயிற்று?
– கல்லூரி விரிவுரையாளர், கோவை

பதில்: மடக்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். சூடு ஒரு வழி, உயரம் இன்னொரு வழி. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே குறைவு. மேட்டுப்பாளையத்தில் மூடிய பேனாவுக்குள் இருக்கும் காற்று, மலையேறுவதற்குள் கால் பங்கு வரை விரியப் பார்க்கும். குளிர் அதில் கொஞ்சத்தைச் சுருக்கும், முழுக்க அல்ல. விமானத்திலும் இதே கதைதான்: உள்ளே இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய ஊட்டி அளவுக்கு இறங்கலாம். ரயிலோ பஸ்ஸோ மெதுவாக ஏறுவதால், நிப்பு மேலே இருந்தால் காற்று சத்தமில்லாமல் வெளியேறிவிடும். உங்கள் பேனா பெட்டிக்குள் துணிமணியோடு படுத்துக்கொண்டு வந்திருக்கும். அந்தத் துணிகளின் கதியைக் கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன்.

கேள்வி: ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியில் பேனாவை வைக்கலாமா?
– கூரியர் ஊழியர், மதுரை

பதில்: கீழே என்ஜின் சூடு, மேலே வெயில் சூடு, நடுவே நம்ம ஊர் ரோடு. வைக்கலாம், பேனாவை அல்ல.

கேள்வி: எபோனைட் பேனா வெயிலைத் தாங்கும் என்கிறார்களே, உண்மையா? உலோகப் பேனா கூடாதா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, திருவள்ளூர்

பதில்: திருவள்ளூரில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே! எபோனைட்டைக் கடைந்து பேனா செய்யும் ரங்கா பேனாக்காரர்கள் உங்கள் ஊர்தானே. எபோனைட் என்பது ரப்பரோடு கந்தகம் சேர்த்து வேகவைத்த கட்டி. சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். மெல்லிய உலோகப் பேனாவில் கைச்சூடு சட்டென்று உள்ளே இறங்கும். தடித்த எபோனைட்டில் அது இறங்குவதற்குள் நீங்கள் ஒரு பக்கம் எழுதிவிடலாம்.

வெயிலில் வறுபடும் இன்னோர் ஊரான ராஜமுந்திரியின் பெயரும் இதே பேனாவால்தான் பரவியது. சுதேசிப் பேனா என்று அவ்வூர்ப் பேனாக்காரர் ரத்னம் செய்து அனுப்பியதற்கு 1935இல் காந்தி நன்றிக் கடிதமே எழுதினார். இந்த ரகத்தில் ஒரே ஒரு வம்பு: குடுவை முழுக்க மை ஊற்றும் அமைப்பு. அதாவது மை தீரத் தீர உள்ளே காற்றுக்கு விசாலமான வீடு. கால்வாசிக்கு வந்ததும் நிரப்பிவிடுவது உத்தமம். வெயிலில் காயவும் போடாதீர்கள், கறுப்பு எபோனைட் பச்சையும் பழுப்புமாக வெளுத்துப்போகும்.

கேள்வி: பேனாவின் மரையில் தேங்காய் எண்ணெய் தடவினால் ஒழுகாது என்கிறார் என் மாமனார்.
– மருமகன், நாகர்கோவில்

பதில்: மாமனாரின் தலைமுடி நன்றாக இருக்கும் என்று தெரிகிறது. மரையில் தடவிய எண்ணெய் மைக்குள் இறங்கினால் மை சீராக ஓடாது. வாஸ்லைன் ரப்பர் வளையத்தைக் கெடுக்கும். சிலிகான் கிரீஸ் தடவுங்கள். மரையில் மெல்லிசாக, பட்டும் படாமலும். கழுத்து வழியாகக் கசிவது நிற்கும். நிப்பு வழியாக ஒழுகினால் கிரீஸ் என்ன செய்யும்? அதற்கு முதல் பதிலைப் படிக்கச் சொல்லுங்கள், மரியாதையாக.

கேள்வி: கறை பட்ட சட்டையை என் மனைவி வெந்நீரில் ஊறப்போட்டுவிட்டார். இப்போது இருவரும் பேசிக்கொள்வதில்லை.
– கணவர், தாம்பரம்

பதில்: சட்டையை முதலில் பார்ப்போம். கறை ஈரமாக இருக்கும்போதே அடியில் ஒரு பழந்துணி வைத்து ஒற்றியெடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பிறகு குழாயடியில் பச்சைத் தண்ணீர். பள்ளிப் பிள்ளைகளுக்கான ராயல் ப்ளூ பெரும்பாலும் இதிலேயே போகும். வெந்நீரும் இஸ்திரியும் கறைக்குப் பட்டா போட்டுக் கொடுக்கும். சில ப்ளூ-பிளாக் மைகளில் இரும்பு உப்பு உண்டு. அதில் பிளீச்சிங் பவுடர் போட்டால் நீலம் போய்த் துருக்கறை மிஞ்சும். அதற்கு எலுமிச்சையும் உப்பும் போட்டுப் பாருங்கள். இரண்டாவது பிரச்சினைக்கு, சட்டையை இனி நீங்களே துவையுங்கள்.

கேள்வி: எனக்கு நேர்மாறு. ஒழுகவே மாட்டேன் என்கிறது. ஃபேனுக்கு அடியில் ரெண்டு நிமிஷம் திறந்து வைத்தால் எழுதவே மறுக்கிறது.
– பிளஸ் டூ மாணவி, கரூர்

பதில்: அதுவும் வெயிலின் கைங்கரியம்தான். மையில் இருக்கும் தண்ணீர் பறந்து, சாயம் நிப்பில் ஒட்டிக்கொள்கிறது. யோசிக்கும்போது மூடியை மாட்டிவிட்டு யோசியுங்கள். பேனாவைத் தரையை நோக்கி உதறாதீர்கள், முன் பெஞ்சு வெள்ளைச் சீருடைகள் பாவம். நிப்பை ஈரத்துணியில் ஒற்றினால் போதும். பரீட்சைக்கு முந்தைய இரவு நிப்பையும் கட்டையையும் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். எழுதும் கைக்கு அடியில் ஒரு கைக்குட்டை இருக்கட்டும். வியர்வை பட்ட தாளில் எழுத்து ஊறிப் பரவும். தெரியாத பதிலுக்கு அது வசதிதான், திருத்துபவர் ஒத்துக்கொள்ள வேண்டுமே.

கேள்வி: தபால் ஆபீஸ் போனால், “சார், ஒரு நிமிஷம் பேனா” என்று கேட்கிறார்கள். வாங்கியதும் உதறுகிறார்கள், அழுத்துகிறார்கள், நிப்பைக் கவிழ்த்து எழுதுகிறார்கள்.
– பேனாப் பிரியர், கும்பகோணம்

பதில்: இரவலுக்கென்று ஐந்து ரூபாய் பால்பாயிண்ட் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அது வெயிலில் கக்காது. திரும்பியும் வராது.