விரல் இடைச்செருகல்: பகடைச் சாகச நூல்களில் ஒரு பாட ஆராய்ச்சி

இடைச்செருகல் தேடிய அறிஞர்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. கம்பராமாயணத்தில் மிகைப் பாடல் எது, மூலப் பாடல் எது என்று ஆளாளுக்கு ஏடு புரட்டிச் சண்டை போட்டிருக்கிறார்கள். ஆனால் நூலின் இரண்டு பக்கங்களுக்கு நடுவே வாசகர் தம் சொந்த ஆள்காட்டி விரலை நுழைத்து வைத்துக்கொள்கிறாரே, அந்த இடைச்செருகலை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஏட்டில் நுழைந்த பாட்டு கதையின் அழகைத்தான் கெடுக்கும். பக்கத்தில் நுழைந்த விரலோ செத்தவனை எழுப்பும். எது பெரிய பாடபேதம் என்பதை நடுநிலையாளர் முடிவு செய்யட்டும்.

ஆய்வுக்கு மூலநூலாக எடுத்துக்கொண்டது, பிரிட்டனில் பஃபின் நிறுவனம் 1982-இல் வெளியிட்ட ‘தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்’. ஃபைட்டிங் ஃபேன்டசி என்ற வரிசையின் முதல் நூல். இதில் அத்தியாயம் கிடையாது, எண்ணிட்ட 400 பத்திகள்தான் உண்டு. கதாநாயகன் ‘நீ’. முதல் பத்தியிலேயே மலைக்குள் வழி இரண்டாகப் பிரிகிறது. மேற்கே போனால் பத்தி 71, கிழக்கே போனால் பத்தி 278. அங்கிருந்து இன்னோர் எண், அதிலிருந்து மற்றொன்று. எல்லாம் கலைத்துப் போடப்பட்டிருப்பதால் வரிசையாகப் படிப்பவனுக்குப் பைத்தியம்தான் பிடிக்கும். எண் வழியே ஓடி, வழியில் வருவதை வெட்டி, ஸாகோர் என்ற மந்திரவாதியின் புதையல் பெட்டியைத் திறந்து பத்தி 400-ஐ அடைபவனுக்கே வெற்றி.

நூலாசிரியர் யார் என்ற கேள்வியைத் தாண்டிப் போனால் இது ஆய்வுக் கட்டுரை ஆகாது. ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டோன் என்று இருவர். 1975-இல் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் இருவர். மலைக்குள் ஓடும் ஆறு வரை லிவிங்ஸ்டோன் எழுதினார், ஆற்றுக்கு அப்பால் ஜாக்சன். சலித்துப்போகும் அளவுக்குச் சுற்றவைக்கும் அந்தச் சுரங்கப் புதிர்வழி அக்கரையில்தான் இருக்கிறது. பழியை யார்மேல் போடுவது என்பதில் ஐயமில்லை. சிக்கல் பின்னால் வருகிறது. இதே வரிசையில் ‘ஸ்கார்ப்பியன் ஸ்வாம்ப்’ உள்ளிட்ட மூன்று நூல்களை எழுதியவர் பெயரும் ஸ்டீவ் ஜாக்சன். அவர் அமெரிக்கர், வேறு ஆள். ஔவையார் ஒருவரா பலரா என்று வழக்காடிப் பழகிய நமக்கு இது கைவந்த கலை. ஆங்கிலேயர்தாம் பாவம், திணறிப்போனார்கள்.

இனி இலக்கணம். ஆடத் தொடங்குமுன் வீரனுக்கு மூன்று குணங்களைப் பகடையால் நிர்ணயிக்க வேண்டும். ஒரு பகடையை உருட்டி 6 கூட்டினால் திறன். இரண்டு பகடைகளை உருட்டி 12 கூட்டினால் தெம்பு. மறுபடி ஒரு பகடையும் 6-உம் சேர்ந்தால் அதிர்ஷ்டம். ஆகத் திறனும் அதிர்ஷ்டமும் 7 முதல் 12 வரை, தெம்பு 14 முதல் 24 வரை. சண்டை என்றால் நம் திறனோடு இரண்டு பகடை, எதிரியின் திறனோடு இரண்டு பகடை. கூட்டுத்தொகை எவருக்கு அதிகமோ அவர் அடித்தவர். அடிபட்டவர் தெம்பில் 2 போகும். தெம்பு பூஜ்யமானால் கதை முடிந்தது. மூட்டையில் பத்து வேளைச் சாப்பாடு இருக்கிறது, வேளைக்கு 4 தெம்பு ஏறும். ஆனால் சண்டைக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட முடியாது. அந்தளவுக்கு நூல் எதார்த்தமானது.

அதிர்ஷ்டத்துக்கு மட்டும் தனி விதி. சோதிக்க வேண்டி வந்தால் இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். விழுந்த தொகை அதிர்ஷ்ட எண்ணுக்கு மேல் போகாவிட்டால் தப்பித்தோம். தப்பித்தாலும் மாட்டினாலும் அதிர்ஷ்டத்தில் ஒன்று குறையும். 12-இல் தொடங்கியவன் முதல் சோதனையில் தோற்கவே முடியாது. 9-க்கு இறங்கும்போது ஆறில் ஐந்து வாய்ப்பு. 7-இல் 36-க்கு 21. 6-க்கு வந்துவிட்டால் பாதிக்கும் கீழே, 36-க்கு 15. ராசிக்காரன் என்று பெயர் வாங்கியவன் ஏன் கடைசியில் மண்ணைக் கவ்வுகிறான் என்பதை இவ்வளவு சுருக்கமாக எந்தச் சோதிட நூலும் விளக்கவில்லை.

இந்த இலக்கணத்தின் பெரிய ஓட்டையை இதற்குள் கவனித்திருப்பீர்கள். எதிரிக்கும் நாமேதான் உருட்ட வேண்டும். சகுனியாவது தன் கட்சிக்கு மட்டும் உருட்டினான். இங்கே இரு கட்சிக்கும் ஒரே கை. நமக்கு உருட்டும்போது பகடையை உள்ளங்கையில் குலுக்கி, ஊதி, மேசையின் குறுக்கே ஓடவிடுகிறோம். பூதத்துக்கு உருட்டும்போது விரல் நுனியிலிருந்து அப்படியே நழுவவிடுகிறோம். நமக்கு விழுந்த பகடை புத்தக ஓரத்தில் சாய்ந்து நின்றால் ‘செல்லாது’. பூதத்துடையது சாய்ந்து நின்றால், எந்தப் பக்கம் சின்ன எண்ணோ அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது என்று கொள்வது மரபு.

பகடைக் களவு இவ்வளவே; அதில் ஆழம் குறைவு. ஜோ டெவர் 1984-இல் தொடங்கிய ‘லோன் வுல்ஃப்’ வரிசை மட்டும் ஒரு சுவையான கிளை. அதில் பகடையே வேண்டாம். 0 முதல் 9 வரை எண்கள் இறைந்த ஒரு கட்டம் நூலின் பின்பக்கம் இருக்கும். கண்ணை மூடிப் பென்சிலால் குத்தி, பட்ட எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். சண்டையில் 0 விழுவதே மிக நல்லது. கண்ணை எவ்வளவு மூட வேண்டும் என்று நூலில் அளவு சொல்லவில்லை. கொஞ்ச நாள் ஆடியபின் முழுக்க மூடினாலும் ஒன்றுதான். பூஜ்யங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று மணிக்கட்டுக்கே தெரிந்துவிடும்.

இப்போது விரல். காவல் விரல், ஒப்பீட்டு விரல், பரம்பரை விரல் என இது முத்திறப்படும்.

காவல் விரலுக்குச் சான்று மூலநூலின் மேற்கு வழியிலேயே கிடைக்கிறது. பத்தி 71-இல் காவற்கூண்டில் விகாரமான காவல்காரன் ஒருவன் தூங்கிக்கொண்டிருக்கிறான். நுனிக்காலில் நடந்து தாண்ட வேண்டும், அதிர்ஷ்டச் சோதனை. இடக்கை ஆள்காட்டி விரல் 71-இல் நிற்க, வலக்கைக் கட்டைவிரல் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போகிறது. போய்ச் சேர்ந்த பத்தியில் அவன் தூக்கம் கலையவில்லை என்றால் விரல் சத்தமில்லாமல் வெளியே வந்துவிடும். காலடியில் ஏதோ நொறுங்கி அவன் கண் விழித்துவிட்டால், வாக்கியம் முடியும் வரைகூட விரல் காத்திருக்காது. உள்ளே லேசாக ஒரு நெம்பு. புத்தகம் தானாகவே 71-இல் திறந்து கிடக்கும். காவல்காரன் மறுபடி தூங்குவான். கவனிக்க வேண்டியது, வாசகர் அப்போது எதையும் தீர்மானிப்பதில்லை என்பதே. தீர்மானித்தது விரல்.

ஒப்பீட்டு விரல், இரண்டு கதவில் எதைத் திறப்பது என்று நூல் கேட்கும் இடத்தில் தோன்றும். மானமுள்ள வாசகர் இரண்டையும் திறந்து பார்த்துவிட்டு, எதில் சாவு இல்லையோ அதைத் ‘தேர்ந்தெடுப்பார்’. இரண்டிலும் சாவு இருந்தால் விரல் முந்தைய கிளைக்குத் தாவும். அங்கேதான் பரம்பரை விரல் பிறக்கிறது. கிளைக்கு ஒரு விரலாகச் சுண்டுவிரல் பாட்டனாகவும் ஆள்காட்டி விரல் பேரனாகவும் ஒரு கை முழுதும் நிறையும். அதற்கு மேலும் கிளை பிரிந்தால் பக்கம் திருப்ப மூக்குதான் மிச்சம். ஆங்கில வாசகர்கள் இதை ஐந்து விரல் புத்தகக்குறி என்று செல்லமாகச் சொல்வார்கள். லிவிங்ஸ்டோனே இதைப் பேட்டிகளில் சிரித்தபடி பேசியிருக்கிறார், கோபப்பட்டதில்லை.

இந்த நூல்கள் பேய் பிசாசைச் சொல்லித்தருகின்றன என்று 1980-களில் பிரிட்டனில் சில கிறித்தவர்கள் கவலைப்பட்டார்கள். பிள்ளைகள் உண்மையில் கற்றுக்கொண்ட பாவம் எது என்பதை அவர்கள் கடைசிவரை கவனிக்கவேயில்லை.

அற்றேல், இது ஏமாற்று அன்றோ எனின், அன்று. தூய்மைவாதிகள் ஒரு கூட்டம் உண்டு. விழுந்த பகடை விழுந்ததுதான், செத்தால் செத்ததுதான், முதல் பத்திக்குத் திரும்பு என்பார்கள். அவர்களுக்கு ஒரு கணக்கு. லிவிங்ஸ்டோன் எழுதிய ‘கிரிப்ட் ஆஃப் த சோர்சரர்’ நூலின் ரஸாக் என்பவனுக்குத் திறன் 12, தெம்பு 20. வீரனுக்குத் திறன் 7 விழுந்திருக்கிறது என்று கொள்வோம். ஆறு பேரில் ஒருவருக்கு இதுதான் விதி. ஐந்து எண் வித்தியாசத்தில் ஒரு சுற்றில் நாம் அடிக்க 1296-இல் 70 வாய்ப்பு, அவன் அடிக்க 1170. அவனைச் சாய்க்கப் பத்து அடி வேண்டும். நம் தெம்பு உச்சமான 24-ஆகவே இருந்தாலும், அதிர்ஷ்டத்தைத் தொடாமல் வாளை மட்டும் நம்பினால், ஜெயிக்க ஒரு கோடியில் ஒரு வாய்ப்புகூட இல்லை. நேர்மையாக ஆடியே தீருவேன் என்பவர் ஆடட்டும். பேரன் பேத்திகள் தொடர்வார்கள். ஏதோ ஒரு வழியில் போனால் எவ்வளவு பலவீனனும் சுலபமாக ஜெயிக்கலாம் என்று முதல் நூலின் முன்னுரை சொல்கிறதே என்றால், முன்னுரை எழுதுகிறவர்கள் பகடை உருட்டுவதில்லை என்பதே விடை.

விரலுக்கு அஞ்சாத ஒரே அரண், நூலில் அச்சிடாத எண். மூலநூலிலேயே அது இருக்கிறது. கடைசியில் ஸாகோரின் பெட்டிக்குப் பூட்டுகள். வழியில் சேர்த்த சாவிகளில் எண்கள் பொறித்திருக்கும். அவற்றைக் கூட்டினால் வருவதே போக வேண்டிய பத்தி. சாவி இல்லாதவனை நூல் கொல்வதில்லை. மந்திரவாதியை வென்றபிறகு பெட்டிமேல் உட்கார்ந்து அழவிடுகிறது. இந்த வரிசையில் இதைவிடக் கொடூரமான பக்கம் இல்லை என்பது என் துணிபு. இங்கே ஐந்து விரலும் பயன்படாது, எங்கே நுழைப்பதென்றே தெரியாதே. பிரிட்டன் ஜாக்சன் 1986-இல் எழுதிய ‘கிரியேச்சர் ஆஃப் ஹேவக்’ இன்னும் ஒரு படி மேல். அதில் நீயே பூதம். தொடக்கத்தில் எந்தப் பக்கம் போவது என்பதுகூட உன் கையில் இல்லை, பகடைதான் சொல்லும். பிறர் பேச்சு எழுத்து மாற்றிய சங்கேதமாக இருக்கும். அவிழ்க்கத் தெரியாதவனுக்கு அது வெறும் உளறல். விரல் கட்சியினர் இந்நூலை மதிப்போடு தூரத்தில் வைத்திருக்கிறார்கள். பென்சில் கட்சியினர் ஆண்டுக்கணக்கில் ஆடினார்கள்.

கடைசியாகக் கல்வெட்டுச் சான்று. இந்நூல்களின் முன்பக்கத்தில் சாகசத் தாள் என்று ஒரு கட்டம் இருக்கும். ஜெராக்ஸ் எடுத்து எழுதுவது உத்தமம், பெரும்பாலோர் நூலிலேயே எழுதிவிடுகிறார்கள். பழைய பிரதி கைக்கு வந்தால் கதைக்குப் போகாமல் முதலில் அந்தத் தாளைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பது என் வழக்கம். திறன் 12, தெம்பு 24, அதிர்ஷ்டம் 12 என்று பென்சிலில் அழுத்தமாக எழுதியிருக்கும். மூன்றும் ஒருசேர அப்படி விழ 1296-இல் ஒரே ஒரு வாய்ப்பு. அந்த 12-க்கு அடியில் தாள் மெலிந்து, ரப்பர் தேய்த்த நார் எழும்பி நிற்கும். உற்றுப் பார்த்தால் பழைய 8-இன் கீழ் வயிறு இன்னும் தெரியும். அழித்தெழுதியவரின் வயதையும் பெயரையும் கண்டுபிடிக்க முடியாது. அவர் பத்தி 400-ஐப் பார்த்துவிட்டார் என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

ஆகவே ஆய்வுலகின் சார்பில் ஒரு வேண்டுகோள். பழைய புத்தகக் கடையில் இப்படி ஒரு பிரதி கிடைத்தால், அந்தத் தாளைச் சுத்தம் செய்துவிடாதீர்கள். உங்கள் எண்களைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். லூடோ டப்பாவில் பகடை ஒன்றுதான் இருந்தால் அதையே இரண்டு முறை உருட்டிக்கொள்ளலாம், விதி அதைத் தடுக்கவில்லை. விரல் நகத்தை மட்டும் வெட்டிவிட்டு உட்காருங்கள். பழைய தாள், சீக்கிரம் கிழியும்.