மாறி மாறிப் பேசும் கதைகள்

கொலைகாரனைத் தேடுகிறவர்கள் ஒரு பக்கம், கொலைக்குப் பின்னால் இருக்கும் மனம் இன்னொரு பக்கம் என்று மாறி மாறிச் சொல்லப்படும் கதைகளுக்கு இன்று உலகமெங்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். மலேசியாவில் ஜெஞ்சாரோம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அந்த வடிவத்தை அறிமுகப்படுத்தியது சுஜாதாவின் 'நைலான் கயிறு'. 1968இல் குமுதத்தில் தொடராக வந்த நாவல் அது. சுஜாதாவின் பல கதைகளில் வரும் வக்கீல் கணேஷ் முதன்முதலில் தலைகாட்டியதும் அதில்தான். பம்பாயில் ஒரு கொலை; போலீஸ் விசாரணை நடக்கிறது. நடுநடுவே சுநந்தா என்ற பெண்ணின் டைரி வருகிறது. விசாரணைக்கும் டைரிக்கும் என்ன தொடர்பு என்பதுதான் கதையின் முடிச்சு.

எங்கள் தோட்டத்துக்கு அந்தப் புத்தகம் பல வருஷம் கழித்துத்தான் வந்தது. கிள்ளானில் யாரோ வாங்கியது கைமாறிக் கைமாறி, அட்டை போய், பழுப்புக் காகிதம் ஒட்டி வந்து சேர்ந்தது. பகலெல்லாம் உதிரிப் பழம் பொறுக்கிய அத்தைமார்கள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு, வாசலில் வந்து உட்காருவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட அவர்களில் பலருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் நேசன் நாளிதழில் வரும் கதைகளையும் நான்தான் வாசித்துக் காட்டுவேன். ஜெனரேட்டரை நிறுத்துவதற்குள் முடிக்க வேண்டும். விடியுமுன் அவர்களுக்குப் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு.

டைரி இரண்டாம் முறை வந்தபோது ஓர் அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, போலீஸ்காரன் பேசுறது இருக்கட்டும்யா. அந்தப் புள்ள எழுதினத மட்டும் மொதல்ல படி."

பக்கங்களைத் தள்ளித் தள்ளி, டைரியை மட்டும் ஒரே மூச்சில் வாசித்தேன். நல்லவன் என்று நம்பி ஒரு பெண் ஏமாந்த கதை அப்படியே கிடைத்தது. யாரும் பேசவில்லை. ஓர் அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் இரவு விசாரணைப் பகுதிகளை முதலிலிருந்து படித்தேன். இப்போது இன்ஸ்பெக்டருக்குத் தெரியாதது எல்லாம் அத்தைமார்களுக்குத் தெரியும். கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் அவசரம் அந்த வாசலில் யாருக்கும் இல்லை. அவன் சிக்கிவிடக் கூடாதே என்றுதான் பயந்தார்கள்.

இரு குரல் கதையின் சூட்சுமத்தை அங்கேதான் புரிந்துகொண்டேன். இரண்டு குரல்களுக்கும் நடுவில் ஆசிரியர் விடும் இடைவெளியில்தான் திகில் இருக்கிறது. அந்த இடைவெளியை மூடிவிட்டால் மிஞ்சுவது துக்கம். அத்தைமார்கள் திகிலை விட்டுக்கொடுத்துத் துக்கத்தை எடுத்துக்கொண்டார்கள்.

இந்த உத்தி புதிதல்ல. வில்கி காலின்ஸ் 1868இலேயே 'தி மூன்ஸ்டோன்' நாவலைப் பலர் வாயிலாகச் சொல்லவைத்தார். தமிழில் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' படம் 1954இல் ஒரே கொலையை ஆளுக்கொரு விதமாகச் சொன்னது.

இன்று தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. லயங்கள் இல்லை, அத்தைமார்களின் பிள்ளைகள் கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் போகும் கொமுட்டர் ரயிலில் கைப்பேசியில்தான் நான் படிக்கிறேன். ஜில்லியன் ஃப்ளின் 2012இல் எழுதிய 'கான் கேர்ள்' நாவலை அப்படித்தான் படித்தேன். கணவன் நிக் ஓர் அத்தியாயம், காணாமல் போன மனைவி ஏமியின் டைரி ஓர் அத்தியாயம். பாதிக் கதையில் அந்த டைரியே ஜோடிப்பு என்று தெரிகிறது. கே.எல். சென்ட்ரலில் இறங்கிப் பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்தபோதும் கோபம் அடங்கவில்லை. சுநந்தாவின் டைரிக்காக அழுதவர்கள் மத்தியில் வளர்ந்தவனுக்கு, ஒரு பெண்ணின் டைரி பொய் சொல்வதைத் தாங்க முடியவில்லை.

அதை மகளிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏமாந்த பொம்பளைய நம்புறது ஈசிப்பா. கோபப்படுற பொம்பளைய எத்தன பேர் நம்புறாங்க? அவ பொய் டைரிய ஊரே நம்புது, ஏன்னா ஊருக்குப் புடிச்ச மாதிரி ஒரு பொண்டாட்டிய அவ எழுதி வச்சிருக்கா."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பழைய கதை பரிவோடு கேட்கக் கற்றுக்கொடுத்தது. புதிய கதை, நம் பரிவையே ஒருவர் ஆயுதமாக்க முடியும் என்று எச்சரிக்கிறது. இரண்டும் வேண்டிய பாடங்கள். ஆனால் சந்தேகத்தைத் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொண்டால் அது எல்லார் மீதும் படியும். பக்கத்தில் மறுத்துப் பேச ஓர் ஆள் இருந்தால்தான் அது நியாய புத்தியாகும்.

அதனால் இப்போது மகளும் நானும் இப்படிப்பட்ட நாவல்களைச் சேர்ந்தே படிக்கிறோம். ஒரு குரலை அவள் வாய்விட்டு வாசிப்பாள், மற்றதை நான். பவுலா ஹாக்கின்ஸின் 'தி கேர்ள் ஆன் தி ட்ரெய்ன்' மூன்று பெண்கள் சொல்லும் கதை. அதற்கு மனைவியையும் சேர்த்துக்கொண்டோம். ஒவ்வொருவரும் தாங்கள் வாசிக்கும் பெண்ணுக்காக வாதாட வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள். மாறி மாறிப் பேசும் கதைக்கு, மாறி மாறிப் பேசும் வாசகர்கள்தான் பொருத்தம்.