சங்கிலி அறுக்கும் தம்பிக்கு

தம்பி, உனக்குத் தொழில் தெரியாது. கோபிக்காதே.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் தீர்த்தக் குளத்தடியில் சனம் நெரிபடுகிற நேரம் பார்த்து ஓர் ஆச்சியின் தாலிக்கொடியில் கை வைக்கிறாய். ஆச்சி விவரமானவர். கொடியைச் சட்டையோடு சேர்த்து இரண்டு ஊக்குக் குத்தி, அதற்கு மேல் சேலைத் தலைப்பையும் இழுத்துச் செருகிக்கொண்டுதான் வந்திருக்கிறார். நீ ஊக்கையும் சட்டையையும் கழுத்துத் தோலையும் ஒன்றாகக் கிழிக்கிறாய். மறுகா ஓடுகிறாய், தடுக்கி விழுகிறாய், ஊரே கூடி உதைக்கிறது. அவரவர் நகைக்கு அவரவரே பொறுப்பு என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. தமிழரின் தங்கத்தைப் பற்றி இந்த நாட்டில் பகிரங்கமாகச் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

உனக்கு முந்தியவர்களிடம் நீ ஒன்றும் படிக்கவில்லை. 1983 செப்டெம்பரில் மட்டக்களப்புச் சிறையை உடைத்து வெளியேறியவர்களில் ஆயுத இயக்கத் தலைவர் பனாகொடை மகேஸ்வரனும் ஒருவர். அடுத்த ஆண்டே அவருடைய இயக்கம் காத்தான்குடி வங்கிக்குள் புகுந்தது. காசோடு போனது ஈட்டு நகை. அது வங்கியின் நகையா? நெல் விதைக்க, வலை வாங்க, மகளுக்குப் பேறு பார்க்க என்று சனம் கழற்றி வைத்த காப்பும் அட்டியலும். ஆனால் அந்த மூட்டையின் மேல் 'விடுதலை' என்று எழுதியிருந்தது. உன் மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது? ஒன்றுமில்லை. அதனால்தான் நீ கள்ளன்.

அடுத்து வந்தவர்கள் இன்னும் நாகரிகமானவர்கள். 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் புலிகள் வீட்டுக்கு இரண்டு பவுண் என்று கணக்குப் போட்டார்கள். அறுக்கவில்லை, இழுக்கவில்லை. பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். தாய்மார் தாங்களே கழற்றிக் கொடுத்துவிட்டுச் சீட்டை மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்தார்கள். நீ ஒரு ஊக்கோடு மல்லுக்கட்டுகிறாய்!

1990 ஒக்டோபரில் அதே புலிகள் வடக்கு முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றியபோது பற்றுச்சீட்டுக்கும் நேரமிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசமே இரண்டு மணித்தியாலம். சோதனையிட்ட இடங்களில் பெண்களின் நகையோடு சின்னப் பிள்ளைகளின் காதுத் தோட்டையும் கழற்றினார்கள். இதில் நீ கவனிக்க வேண்டிய தொழில் நுணுக்கம் ஒன்று: எடுத்தவர்கள் ஓடவில்லை. பறிகொடுத்தவர்கள்தான் ஓடினார்கள். முப்பது வருசம் தாண்டியும் அந்தத் தோட்டைப் பற்றி மேடையில் வாய் திறக்காத தமிழ்ப் பிரமுகர்கள், உன் சங்கிலி அறுப்பைக் கண்டு சமூகம் சீரழிந்துவிட்டது என்று அறிக்கை விடுகிறார்கள். அந்த அறிக்கையை வாசிக்கும்போது எனக்கு உன்மேல் இருக்கிற ஆத்திரங்கூடக் குறைந்துபோகிறது.

பிறகு கிழக்கில் வெள்ளை வானில் ஆட்களைக் கடத்தியவர்களின் காலம். நீ கழுத்திலுள்ளதைத் தேடிப் போகிறாய். அவர்கள் கழுத்தையே ஏற்றிக்கொண்டு போனார்கள். கப்பத்தொகை சொல்லப்பட்டதும் நகை தானாகவே ஈட்டுக்கடைக்கு நடந்து போனது. ஏற்றியவர்கள் யாரென்று ஒழுங்கைக்கு ஒழுங்கை தெரியும். நம் மட்டக்களப்பு வாவியில் மீன்கூடப் பாடும் என்பது ஊர்ப் பெருமை; சாட்சிக் கூண்டில் ஏறிப் பாடியதாகச் சரித்திரமில்லை.

எல்லோரையும்விடப் பெரிய பெட்டகம் அரசாங்கத்தினுடையது. வன்னியில் புலிகளின் தமிழீழ வைப்பகத்தில் சனம் ஈடு வைத்த நகை 2009இல் இராணுவத்தின் கைக்குப் போனது. 2014 ஒக்டோபரில் மகிந்த ராஜபக்ச கிளிநொச்சிக்கு வந்து, மேடை போட்டு, படம் பிடித்து, சிலரிடம் நகையைத் திருப்பிக் கொடுத்தார். மூன்று மாதத்துக்குள் ஜனாதிபதித் தேர்தல். அவர் தோற்றதும் கொடையும் களைத்துப்போனது. 2025 மே 2ஆம் திகதி, போர்க் காலத்தில் எடுத்த தங்கத்தில் ஒரு தொகையை இராணுவம் பதில் பொலிஸ் மா அதிபரிடம் கையளித்தது. அதற்கும் படம் பிடித்தார்கள். ஆச்சியின் கொடி உன்னிடம் பதினாறு நிமிடம் இருந்தால் அது களவு. சனத்தின் நகை சீருடைக்காரரிடம் பதினாறு வருசம் இருந்தால் அது பாதுகாப்பு.

வங்கிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மீட்காத நகைகளின் ஏல அறிவித்தலைப் பத்திரிகையில் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாகப் போடுகிறார்கள். வெறும் இலக்கங்கள். அழுகைச் சத்தம் அச்சில் வராது.

இனி உன் கூட்டத்துக்கு வருவோம். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன் ஒருவன், பின்னால் இருந்து அறுக்கிறவன் நீ, நகை வாங்குகிறவன் ஒருவன். நீ கல்லடிப் பாலம் தாண்டுவதற்குள் அவன் மூசையை அடுப்பில் வைத்துவிடுவான். வெங்காரம் தூவி, நெருப்பை ஊதினால் சரி. ஆச்சியின் கல்யாணமும் யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் தோடும் ஒரே கட்டியாகிவிடும். கட்டிக்குப் பெயர் கிடையாது, சாதி சமயமும் கிடையாது. நாம் ஐம்பது வருசமாகப் பேசிக் களைத்த இன ஐக்கியத்தை அந்த மூசை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறது! உனக்குக் கிடைப்பது ஒரு கைபேசியும் இரண்டு கிழமைக் குடியும். உன் பெயர் பொலிஸ் புத்தகத்தில் ஏறும். அவன் பெயர் கோயில் உபயப் பலகையில் ஏறும்.

வழக்குத் தவணைக்கெல்லாம் ஆச்சி தன் காசில் பஸ் ஏறி வருவார். கட்டியைக் காட்டி, இதுதானா உங்கள் கொடி என்று கேட்பார்கள். அவர் என்ன சொல்ல? நீ பிணையில் வெளியே வருவாய். அந்தப் பிணைக்குக் காசு கட்டியவன் யாரென்று கேட்கிற வழக்கம் இங்கே யாருக்கும் இல்லை.