முள் ஆடுகிறது, வண்டி ஊர்கிறது

எழுபதுகளில் வந்த ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன்கள் பலவற்றில் 1600 சிசி எஞ்சின். சக்தி 50 குதிரை. அதுவும் நிமிடத்துக்கு 4,000 சுற்றில்தான். அடுப்பு, படுக்கை, அலமாரி எல்லாம் சுமந்து ஏற்றத்தில் முனகும்போது பின்னால் வரும் லாரிக்காரர் ஹாரனாலேயே எஞ்சின் நிலவரத்தைச் சொல்லிவிடுவார். ஆனாலும் இங்கிலாந்து, ஜெர்மனி அன்பர்கள் சிலருக்கு டாஷ்போர்டில் எஞ்சின் சுற்றைக் காட்டும் ஒரு ஆர்பிஎம் மீட்டர் இல்லாமல் தூக்கம் வருவதில்லை.

எஞ்சின் இருப்பது வண்டியின் வால்பக்கம். ஆகவே இக்னிஷன் காயிலின் 1-ஆம் முனையிலிருந்து, கட்டிலுக்கடியில் நுழைத்து, வண்டி நீளத்துக்கும் ஒயர் இழுக்க வேண்டும். மீட்டர் எண்ணுவது பொறியை; நாலு சிலிண்டருக்குச் சுற்றுக்கு இரண்டு பொறி. மீட்டரை ஆறு சிலிண்டருக்கு வைத்துவிட்டால், 3,000 சுற்றை 2,000 என்று காட்டும். வண்டி அலறும், முள் தியானத்தில் இருக்கும். வேறு ஏதாவது டீசல் வேனென்றால் காயிலே கிடையாது. ஆல்டர்னேட்டரின் டபிள்யூ முனையைத் தேட வேண்டும். பழைய ஆல்டர்னேட்டர் சிலவற்றில் அதுவும் இருக்காது.

இத்தனையும் முடித்து, கடிகாரம் இருந்த ஓட்டையில் மீட்டரைப் பொருத்தியதும் ஓட்டுநருக்குப் பந்தயக்காரர் மிடுக்கு வந்துவிடுகிறது. வேகம் மட்டும் வருவதில்லை.

காற்றால் குளிரும் அந்த எஞ்சினுக்கு எமன் சூடுதான். காசிருந்தால் முதலில் ஆயில் வெப்பமானி வாங்குங்கள். சுற்றை எண்ணக் காது போதும்.