விழுந்த இடம் எல்லோருக்கும் தெரியும்

லயத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வசதி மட்டும் வாய்ப்பதில்லை. யாரும் பார்க்காமல் ஒரு காரியத்தைக் கெடுத்துக்கொள்ள முடியாது. பத்துக்குப் பன்னிரண்டடி காம்பரா, எல்லோருக்கும் ஒரே வாசல், ஒரே பீலி. நம் அடுப்பில் கறி கருகினால் நாலு காம்பரா தள்ளி இருமுவார்கள். சைக்கிள் பழகியபோதும் ஆங்கிலம் பேசப் பழகியபோதும் எனக்குப் பார்வையாளர்கள் இருந்தார்கள். இப்போது நாற்பதைத் தாண்டி, தோட்டப் பாடசாலையில் டீச்சராகி, குவாட்டர்ஸுக்குக் குடிவந்தும் புத்தி வரவில்லை. தட்டெறியும் விளையாட்டு ஒன்றைப் பழகப் புறப்பட்டேன்.

டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். ஓரிடத்தில் நின்று தட்டை எறிய வேண்டும். அது விழுந்த இடத்துக்குப் போய் அங்கிருந்து மறுபடி எறிய வேண்டும். இப்படியே போய், சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைக்குள் விழுத்த வேண்டும். குறைந்த எறிதலில் முடிப்பவர் வென்றவர். கோல்ஃப் என்றால் எனக்குத் தெரிந்தது நுவரெலியாவில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த பச்சைப் புல்வெளிதான். 1889இல் தொடங்கிய கிளப் அது. எங்கள் பாட்டன் பூட்டன் யாரும் அந்த வேலியைத் தாண்டியிருக்க மாட்டார்கள். தாண்டியிருந்தால் புல் வெட்டத்தான். அந்த வேலிக்குள் கால் வைக்காமலே கோல்ஃப் ஆடலாம் என்று டொரொன்டோவிலிருந்து தம்பி சொன்னதும், எனக்குள் படுத்திருந்த பழைய கோபம் ஒன்று எழுந்து உட்கார்ந்தது. அவன் அங்கே டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள ஈ.டி. சீட்டன் பூங்காவில் ஆடுகிறவன். "மரம் இருக்கணும், மேடு பள்ளம் இருக்கணும், அவ்வளவுதான் அக்கா" என்றான். எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் வேறு என்ன இருக்கிறது?

கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருவரின் பெட்டியில் மூன்று தட்டுகள் வந்து சேர்ந்தன. தூரத்துக்கு டிரைவர், நடுத்தூரத்துக்கு ஒன்று, கிட்டத்தில் போடப் பட்டர். பட்டரை மட்டும் எடுத்துப் பழகு, மற்ற இரண்டையும் பெட்டியிலேயே வை என்று தம்பி வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தான். மூக்கு ஒழுகியபடி என் பின்னால் ஓடிவந்தவன் சொல்லி நான் கேட்பதா? டிரைவரைத்தான் எடுத்தேன். செம்மஞ்சள் நிறம், கத்திபோல் மெலிந்த விளிம்பு. அதன் முதுகில் 12, 5, -1, 3 என்று எண்கள். வேகம், மிதப்பு, முதல் திருப்பம், கடைசிச் சாய்வு என்று அவற்றுக்குப் பொருள். எண் பெரிதானால் தட்டும் உசத்தி என்று எடுத்துக்கொண்டேன். ஆசிரியத் தொழில் செய்து செய்து வந்த வியாதி அது. 12 என்பது தட்டு போகும் வேகமல்ல, எறிகிறவரிடம் தட்டு கேட்கும் வேகம். என்னிடம் அதில் கால்வாசிகூட இல்லை.

கொடுக்க வேண்டிய வேகத்தைக் கொடுக்காவிட்டால் தட்டு இடப்பக்கம் சரிந்து விழும். வலக்கைக்காரர் உடம்புக்குக் குறுக்கே இழுத்து எறிந்தால், மேலிருந்து பார்க்கத் தட்டு வலஞ்சுழியாகச் சுழலும். வேகம் தளர்ந்ததும் காற்று அதன் முன்விளிம்பைத் தூக்கப் பார்க்கும். ஆனால் சுழல்கிற பொருள் தள்ளிய பக்கம் சாயாது. பம்பரத்தைப்போல் கால்வட்டம் தள்ளித்தான் சாயும். முன்னால் தூக்கினால் இடம் சரிவது அதனால்தான். இதையெல்லாம் ராத்திரி ராத்திரியாகப் படித்து வைத்திருந்தேன். ஓ.எல். விஞ்ஞானத்துக்கு நல்ல பாடம். என் கைக்கு மட்டும் அந்தப் பாடம் ஏறவில்லை. எறியும்போது தட்டின் மூக்கை நானே மேலே தூக்கிவிடுவேன். அது கொஞ்சம் ஏறும், நடுவானில் ஒரு யோசனை செய்யும், பிறகு இடப்பக்கத்துப் பள்ளத்தைப் பார்த்து இறங்கிவிடும்.

முதலில் போனது டிவிசன் மைதானத்துக்கு. காலை நேரம், ஒருவரும் இல்லை என்று பார்த்துத்தான் போனேன். மைதானம் எங்கள் பக்கத்தில் மலைக்கு நடுவில் வெட்டிய ஒரு படி. அதன் மேல் படியில் கோயில், அதற்கு மேல் படியில் லயம். நான் நின்றது மேடை, லயத்துக்காரர்கள் இருந்தது கலரி. மூன்றாவது எறிதலுக்குள் பல் துலக்கியபடி ஒரு வரிசையே நின்றது. "டீச்சர், சாப்பாட்டுத் தட்ட ஏன் வீசுறீங்க?" என்று ஒரு வாண்டு கேட்டது. வீட்டில் சண்டை என்று மத்தியானத்துக்குள் ஸ்டோர் வரைக்கும் செய்தி போய்விட்டது.

அவமானத்தை மறைக்க வகுப்பில் சரித்திரம் சொன்னேன். 1926இல் கனடாவின் சஸ்காட்சுவானில் பிளாட்வொர்த் என்ற சிற்றூர்ப் பள்ளிப் பையன்கள் தகர மூடிகளை எறிந்து ஆடினார்கள், மணலில் வரைந்த வட்டங்கள்தான் இலக்கு, 'டின் மூடி கோல்ஃப்' என்றே பெயர் வைத்தார்கள் என்றேன். 1938இல் கலிபோர்னியக் கடற்கரையில் ஃபிரெட் மொரிசன் என்ற இளைஞரும் அவருடைய காதலியும் கேக் தட்டை எறிந்து பிடித்துக்கொண்டிருந்தபோது, 5 சதத் தட்டை ஒருவர் 25 சதத்துக்குக் கேட்டார், பிளாஸ்டிக் தட்டின் கதை அங்கேதான் தொடங்கியது என்றேன். அந்தத் தட்டை ஃபிரிஸ்பி என்ற பெயரில் விற்ற கம்பெனியில் வேலை செய்த எட் ஹெட்ரிக், 1975இல் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார் என்றும், அப்போது கூடை இல்லை, வெறும் கம்பங்கள்தான் இருந்தன என்றும் சொன்னேன். பிள்ளைகளுக்கு மொரிசனும் ஹெட்ரிக்கும் ஏறவில்லை. தகர மூடி மட்டும் ஏறியது. அடுத்த நாள் அரை வகுப்பு பிஸ்கட் டின் மூடியோடு வந்தது. ஒரு பிள்ளைக்கு விரல் கீறியதும் மூடிகளை எல்லாம் பறித்து அலுமாரியில் பூட்டினேன். சரித்திரப் பாடம் அத்தோடு நின்றது.

மறைவாகப் பழக இறப்பர் மலையே சரியான இடம் என்று பட்டது. கேகாலை மாவட்டத்தில் இறப்பருக்குப் பஞ்சமா? 1876இல் கியூ பூங்காவிலிருந்து வந்த கன்றுகளை ஹெனரத்கொடையில் நட்டவர்கள் இதற்காக நடவில்லைதான். ஆனால் ஹெக்டேருக்குச் சுமார் 500 மரம், மலை வளைவோடு வளைந்து போகும் நிரைகள், நிரைக்கும் நிரைக்கும் நடுவில் நடைபாதை என்று பார்த்தபோது, டிஸ்க் கோல்ஃபுக்காகவே வெட்டி வைத்ததுபோல் இருந்தது. மறந்தது ஒன்றே ஒன்று. அங்கே விடியற்காலையிலேயே ஆள் இருக்கும். பால்வெட்டு வெயிலுக்கு முந்திய வேலை.

என் தட்டு ஒரு மரத்தில் 'டொக்' என்று மோதி, சிரட்டையைக் கவிழ்த்துவிட்டு விழுந்தது. பால் கோடாக வழிந்தது. கத்தியோடு வந்த பெரியம்மா என்னைத் திட்டவில்லை; அதுதான் கஷ்டம். மரத்தடிக்கு என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். இடது மேலிருந்து வலது கீழாக அரைச்சுற்று இறங்கும் வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் பட்டைதான் சீவலாம். கத்தி உள்ளே மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே கத்தி ஓடாது. தட்டு பட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார். "பட்டைக்கு ஒண்ணுமில்ல டீச்சர். எனக்குத்தான் ஒரு செரட்ட பால் கொறையும்" என்றார். கிலோக்கணக்கில் நாள் பேர், அதாவது நாள் சம்பளம், விழுகிறவர் அவர். நான் மணிபர்ஸைத் திறக்க, "அதெல்லாம் வேணாம், வேற பக்கம் பாத்து வீசுங்க" என்றார். அந்த மலையில் வேற பக்கம் என்று ஒரு பக்கம் இல்லை.

பிறகு, வெட்டு நிறுத்தியிருந்த பழைய மலையொன்றைக் கண்டுபிடித்தேன். அது பெப்ரவரி. இறப்பர் இலையுதிர்க்கும் காலம். உதிர்வதற்கு முன் இலை என்ன நிறமாகும் என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பச்சைக்குள் பளிச்சென்று தெரியும் என்று மெச்சிய செம்மஞ்சள் தட்டு, செம்மஞ்சள் சருகுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. விதிப்படி தேட மூன்று நிமிடம். அதற்குள் கிடைக்காவிட்டால் தொலைந்தது என்று கணக்கு, ஒரு எறிதல் அபராதம். மூன்று நிமிடத்தில் என்னைக் கண்டுபிடித்தது அட்டைகள்தான். தட்டை இரண்டு நாள் கழித்து விறகுக்குப் போன பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு தம்பி பேச்சைக் கேட்டுப் பட்டரை எடுத்தேன். குவாட்டர்ஸ் முற்றத்தில் கம்பு நட்டு, பழைய கொழுந்துக் கூடையைக் கட்டினேன். கூடையைச் சுற்றிப் பத்து மீட்டருக்குள் நின்று எறிந்தால், எறிந்த பின் உடம்பு நிலைக்கும்வரை முன்னால் அடி வைக்கக் கூடாது. முற்றத்தில் பத்து மீட்டர் ஏது? பாதையில் நின்று எறிந்தேன், எறிந்த கையோடு முன்னால் சரிந்து முற்றத்துக்குள் வந்து விழுந்தேன். பக்கத்து குவாட்டர்ஸ் அக்கா பிரஷர் மாத்திரையோடு ஓடிவந்தார்.

ஆனாலும் என் பெயர் நிலைத்தது மடுவத்துச் சம்பவத்தில்தான். சரிவான பாதையில் தட்டு விளிம்பால் விழுந்தால் நிற்காது, உருளும். இந்த ஆட்டத்தில் எல்லோரும் அஞ்சுவது அதற்கு. எங்கள் கொங்கிரீட் பாதையில் அது எழுந்து நின்று ஓடத் தொடங்கியது. கோயில் வளைவில் விழுந்துவிடும் என்று நினைத்தேன். வளைவை அது என்னைவிட அழகாக எடுத்தது. நான் ஒரு கையில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். மத்தியானக் கொழுந்து நிறுவைக்கு மடுவத்தில் வரிசை நின்றது. தட்டு வரிசைக்குள் புகுந்து ஒரு சாக்கில் மோதி, சுற்றிச் சுற்றிச் சத்தமாக விழுந்தது. கணக்கப்பிள்ளை அதை எடுத்துத் தராசில் வைத்தார். 170 கிராம் காட்டியது. "யார் பேருல போடட்டும்?" என்று கேட்டார். "சாக்குக்குக் கழிச்சிட்டுப் போடுங்கையா, டீச்சர்தான் கடன்காரியாவாங்க" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அன்றைக்கு மலைக்குத் திரும்பிப் போகும்வரை அந்தச் சிரிப்பு அடங்கவில்லை. சாக்குக்கென்று கொழுந்தில் கழிக்கும் அந்தக் கழிப்பைப் பற்றி அவர்கள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை, அதனால் எனக்கும் பெரிதாக வலிக்கவில்லை.

ஹெட்ரிக் 2002இல் இறந்தபோது, அவர் ஆசைப்படியே சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். ஃபிரிஸ்பிக்காரர்கள் செத்தால் வேறெங்கும் போவதில்லை, கூரைமேல் போய் விழுந்து அங்கேயே கிடப்பார்கள் என்று அவர் சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு. என் நடுத்தூரத் தட்டு அந்த மோட்சத்தைப் பிள்ளைக்காம்பராவின் தகரக் கூரையில் அடைந்துவிட்டது. மழை நாளில் அதன்மேல் தண்ணீர் விழும் சத்தம் தனியாகக் கேட்கிறதாம், குழந்தைகள் தூங்குவதில்லையாம்.

மறைவிடம் தேடுவதை இப்போது விட்டுவிட்டேன். பெரிய போட்டிகளில் தட்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்ல ஆள் நிறுத்துவார்கள் என்று தம்பி சொன்னான், ஸ்பொட்டர் என்று பெயராம். எனக்குச் சம்பளமில்லாமல் ஒரு டிவிசனே நிற்கிறது. எதிர்மலையில் நிரை பிடித்து நிற்கும் பெண்கள் நான் எறிந்ததும் கொழுந்துக் கையை நிறுத்தி, "கானுக்குள்ள டீச்சர்!" என்று கூவுகிறார்கள். கீழே பீலிக்கரையிலிருந்து "இல்ல, கொய்யா மரத்துல!" என்று மறுப்பு வரும். கடைசிக் காம்பராத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆனாலும் சாட்சி சொல்லாமல் இருக்க மாட்டார். தட்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அப்போது காற்று எப்படி அடித்தது, தன் காலத்தில் அந்த இடத்தில் என்ன மரம் நின்றது, அதை எந்தத் துரை வெட்டச் சொன்னான் என்று தொடங்குவார். பெரியவர் பேசும்போது குறுக்கே பேச முடியுமா? மரம் விழுவதற்குள் மூன்று நிமிடம் முடிந்துவிடும், எனக்கு ஒரு எறிதல் அபராதம்.